யோசேப்பும் யூசுஃபும்: பல்சமய உரையாடல் பணிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக மறைமாவட்டங்களில் பல்சமய உரையாடலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அருட்பணியாளர்களுக்கும், அருட்சகோதரிகளுக்கும், பொதுநிலையினருக்கும் வணக்கம்.

விவிலியத்தையும் குர்ஆனையும் தமிழில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கிறிஸ்தவர்கள் சிலரும் முஸ்லிம்கள் சிலரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

சமய நல்லிணக்கக் கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மேடையில் குத்துவிளக்கு, பின்னால் பேனர். பேனரில் கீதையிலிருந்து ஒரு வரி, விவிலியத்திலிருந்து ஒரு வரி, குர்ஆனிலிருந்து ஒரு வரி. மூன்று பேர் ஏறி வாசித்துவிட்டு இறங்குவார்கள். 'எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது' என்று நன்றியுரையில் முடியும். வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று அந்த அரங்கில் யாரும் எந்த நூலையும் திறந்து பார்க்கவில்லை. ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் எந்த நூலும் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். வெறுப்பைப் பரப்புகிறவர்களும் ஒற்றை வரியைப் பிய்த்துத்தானே பரப்புகிறார்கள்?

நாங்கள் கேட்பது இதுதான். பேனரை விட்டுவிடுங்கள். குர்ஆனில் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து, அதை இறைவாக்காக நம்புகிறவர்களோடு உட்கார்ந்து, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை வாசியுங்கள். கிறிஸ்தவராகவே இருந்து வாசியுங்கள். இன்னொருவர் மறையை மதித்துப் படிக்க உங்கள் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. அந்த நூலின் குற்றங்களைத் தேடும் கண்ணாடியை மட்டும் கழற்றினால் போதும்.

அந்தக் கண்ணாடி பழையது. குர்ஆனை முதன்முதலில் லத்தீனுக்குக் கொண்டுவந்தவர் கெட்டன் ஊர் ராபர்ட். 1143-இல், க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர் கேட்டுக்கொண்டபடி அதைச் செய்து முடித்தார். மறுப்பதற்காகவே செய்யப்பட்ட வேலை அது. 'பொய்த் தீர்க்கதரிசியான முகமதுவின் சட்டம்' என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 822 ஆண்டுகள் கழித்து, 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ஏட்டில் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று எழுதியது. இயேசுவை அவர்கள் இறைவாக்கினராகப் போற்றுவதையும், மரியாவை மதித்து சில வேளை பக்தியோடு அழைப்பதையும் அது குறிப்பிட்டது. ஏட்டில் எழுதியதைப் பங்குகளில் நடைமுறையாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். ஆர்வத்தோடு வாங்கியவர்கள் பலர் இரண்டாம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். குர்ஆனில் 114 அத்தியாயங்கள். அவை அருளப்பட்ட கால வரிசையில் இல்லை. சிறிய முதல் அத்தியாயத்துக்குப் பிறகு, ஏறத்தாழ நீண்டதிலிருந்து குறுகியதை நோக்கிப் போகும். இரண்டாவதான அல்பகராவில் 286 வசனங்கள். தொழும் திசை, நோன்பு, மணவிலக்கு, கடன் பத்திரம் என்று அது விஷயத்துக்கு விஷயம் தாவும். தொடக்க நூலைப் போல ஆதியில் தொடங்கிக் கதை நகரும் என்று எதிர்பார்த்தவருக்கு வழி தெரியாது. நூல் கோர்வையாக இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அது கோர்க்கப்பட்ட விதமே வேறு என்று சொல்லித்தர பக்கத்தில் ஆள் இருக்காது.

12-ஆம் அத்தியாயமான யூசுஃபிலிருந்து தொடங்குங்கள். 111 வசனங்கள். குர்ஆனில் ஒரே கதை தொடக்கம் முதல் முடிவுவரை இவ்வளவு நீளமாக ஓடுவது இங்கே மட்டும்தான். தொடக்க நூல் 37-ஆம் அதிகாரத்திலிருந்து நீங்கள் அறிந்த யோசேப்புதான் யூசுஃப். தமிழில் வாய்விட்டு வாசித்தால் மொத்தமும் அரை மணி நேரம் பிடிக்கும். அதை ஐந்து அமர்வாகப் பிரிக்கலாம்: 1 முதல் 20 வரை, 21 முதல் 35, 36 முதல் 57, 58 முதல் 87, 88 முதல் 111. இவற்றுக்கு இணையாகத் தொடக்க நூலில் 37, 39, 40–41, 42–44, 45–46 ஆகிய அதிகாரங்களை வைத்துக்கொள்ளுங்கள். (நடுவில் உள்ள 38, யூதா–தாமார் கதை, குர்ஆனில் இல்லை.) ஓர் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர், இரு தரப்பிலும் பாதிப் பாதி. பெண்களும் இருக்க வேண்டும், இஸ்லாமியக் கல்வி கற்ற பெண்ணான ஓர் ஆலிமா கிடைத்தால் மிக நல்லது. பேச்சாளரை அழைக்காதீர்கள். விவாத மேடையில் பெயர் வாங்கியவர், அவர் எந்தத் தரப்பானாலும், இந்த வட்டத்துக்குச் சரிவரமாட்டார்.

நேரம் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் இதில்தான் முதல் மனத்தாங்கல் வரும். சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குப் பிறகு வைத்தால் இரவுத் தொழுகையான இஷா குறுக்கே வந்து, பாதி வட்டம் நடுவில் எழுந்து போகும். பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்து மஃரிபுக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் சென்னையில் ஐந்து நாற்பதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் நேரத்தைப் பள்ளிவாசலில் கேட்டு முடிவு செய்யுங்கள். ரமலான் மாதத்தைத் தவிர்த்துவிடலாம். இடம் பங்கு மன்றமாகவோ ஒரு வீட்டுக் கூடமாகவோ இருக்கட்டும். பீடத்துக்கு முன்னால் வேண்டாம். இது வாசிப்பு, கூட்டு வழிபாடு இல்லை. 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தொடங்குகிறவர் சொல்லட்டும், சிலுவை அடையாளம் போடுகிறவர் போடட்டும். மற்றவர் அமைதியாக இருந்தால் போதும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மரியாதைக்காகத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, புத்தகம். அரபு மூலத்தோடு அச்சான பதிப்பு வலப்பக்கமிருந்து திறக்கும். பழக்கமில்லாதவர் இடப்பக்கம் திறந்து கடைசி அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரபு மூலம் உள்ள பிரதியை ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தூய்மை) இல்லாமல் தொடுவது முஸ்லிம்களுக்குச் சங்கடம். தரையில் வைப்பதும், அதன் மேல் வேறு புத்தகத்தை அடுக்குவதும் மனத்தைப் புண்படுத்தும். கிறிஸ்தவர்கள் தங்கள் விவிலியத்தில் பென்சிலால் கோடிடுவார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள், செபத்தாளைச் செருகி வைப்பார்கள். அது அவர்களுக்கு அன்பின் அடையாளம். அதே கையோடு குர்ஆன் பிரதியில் கோடிட்டால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். ஆகவே அன்றைய பகுதியைத் தமிழில் மட்டும் தனித்தாளில், இடப்பக்கம் குர்ஆன், வலப்பக்கம் தொடக்க நூல் என்று அச்சிட்டுக் கொடுங்கள். அதில் தாராளமாகக் கோடிடலாம். முடிந்ததும் எல்லாத் தாள்களையும் எண்ணி வாங்கிவிடுங்கள். அந்தத் தாளில் வடையை மடித்து எடுத்துப்போனால் ஐந்து வார உழைப்பு அங்கேயே போய்விடும்.

அரபு வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து ஒரு கிறிஸ்தவரை 'ஓத' வைக்காதீர்கள். அன்பு காட்டும் செயலாகத்தான் இதைச் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அரபியில் இதயத்துக்கு ஒரு 'க', நாய்க்கு வேறொரு 'க'. தமிழில் இரண்டையும் 'கல்பு' என்றுதான் எழுத முடியும். ஓதுவதை ஓதத் தெரிந்தவர் ஓதட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு தமிழை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். தமிழ் முஸ்லிம்களே 'ஓதுவது' வேறு, 'தர்ஜமா படிப்பது' வேறு என்று பிரித்துத்தான் பேசுவார்கள். மொழிபெயர்ப்பு அவர்களுக்குக் குர்ஆனின் பொருள், குர்ஆன் அல்ல. தமிழ் விவிலியமோ கிறிஸ்தவருக்கு விவிலியமேதான். இந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அடைப்புக்குறி. தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் '(நபியே!)' என்று அடைப்புக்குறிக்குள் சொற்கள் வரும். மூலத்தில் இல்லாமல், பொருள் விளங்குவதற்காக மொழிபெயர்த்தவர் சேர்த்தவை அவை. கண்ணால் படிக்கும்போது தெரியும், வாய்விட்டு வாசிக்கும்போது மறைந்துவிடும். கேட்பவருக்கு எல்லாம் இறைவாக்காகவே விழும். ஆகவே முதல் முறை அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டு வாசியுங்கள், இரண்டாம் முறை சேர்த்து வாசியுங்கள். ஒரு பத்தி எங்கே முட்டி நிற்கிறது, அதை மொழிபெயர்த்தவர் எப்படித் தீர்த்துவைக்கிறார் என்பது அப்போது காதில் கேட்கும்.

24-ஆம் வசனம் இதற்கு நல்ல உதாரணம். எகிப்தில் எசமானின் மனைவி யூசுஃபை நாடினாள். பிறகு வரும் அரபுத் தொடரை எங்கே நிறுத்துவது என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 'அவரும் அவளை நாடினார்' என்று நிறுத்தி, 'தம் இறைவனின் சான்றைக் கண்டிராவிட்டால்…' என்று தொடர்ந்தால் அவர் உள்ளத்தில் ஒரு சலனம் எழுந்து அடங்கியது. 'இறைவனின் சான்றைக் கண்டிராவிட்டால் அவரும் நாடியிருப்பார்' என்று ஒரே மூச்சில் வாசித்தால் அந்தச் சலனம் எழவே இல்லை. நபிமார்கள் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்று நம்பும் முஸ்லிமுக்கு இந்த ஒரு நிறுத்தம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இரண்டு மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகளை வரிசையாக வைத்து இந்த வசனத்தை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

மரியாதை விகுதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இது தமிழில் வாசிக்கிற நமக்கே உரியது. தமிழ் முஸ்லிம்கள் அல்லாஹ்வை 'அவன்' என்பார்கள், நபியை 'அவர்' என்பார்கள். புரொட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய வேதாகமத்தில் கர்த்தர் 'அவர்', யாக்கோபு 'அவன்'. அப்படியே தலைகீழ். குர்ஆன் வாசிக்கும்போது 'அல்லாஹ்… அவன்' என்று கேட்டுக் கிறிஸ்தவர் திடுக்கிடுவார். அடுத்த நிமிடம் 'யாக்கோபு சொன்னான்' என்று கேட்டு முஸ்லிம் திடுக்கிடுவார், ஏனென்றால் யஃகூப் அவருக்கு ஒரு நபி. ஒருவரும் மற்றவரை அவமதிக்கவில்லை. 'அவர்' என்பது வடிவில் பன்மை, ஒருமையான இறைவனுக்கு ஒருமைதான் தகும் என்பது முஸ்லிம் மரபு. 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்று சைவரும் அந்த ஒருமையில்தான் உருகுகிறார். தாளில் இரு பக்கத்தையும் அந்தந்தச் சமூகம் எழுதுகிறபடியே விடுங்கள். ஒன்றைப்போல மற்றொன்றைத் திருத்தாதீர்கள். வாசிக்கத் தொடங்கும் முன் இதை ஒரு நிமிடம் சொல்லிவிட்டால் போதும்.

'நாம்' என்பதும் அப்படித்தான். அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்திலேயே 'நாம் இதனை அரபுக் குர்ஆனாக இறக்கினோம்' என்று வருகிறது. 'இங்கே மூவொரு கடவுள் தெரிகிறாரே' என்று ஒரு கிறிஸ்தவர் சொல்வார், சொல்லாமல் இருக்கமாட்டார். தொடக்க நூல் 1:26-இல் 'நம் சாயலில்' என்பதை அப்படி வாசித்துப் பழகியவர் அவர். முஸ்லிமுக்கு இது மாட்சிமைப் பன்மை, அரசர்கள் ஆணையில் 'நாம்' என்பதைப்போல. போதாததற்கு, தமிழில் 'நாம்' கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல், இங்கே அந்தப் பொருள் இல்லவே இல்லை. முதல் வசனத்தில் வரும் 'அலிஃப், லாம், றா' என்ற தனியெழுத்துகளுக்கும் விளக்கம் கேட்பார்கள். 29 அத்தியாயங்கள் இப்படித் தொடங்குகின்றன. அதன் பொருளை இறைவனே அறிவான் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் விடை. அதிலேயே கால் மணி நேரம் நிற்காமல் கடந்துபோங்கள்.

கதைக்குள் நுழைந்ததும் சட்டையைப் பின்தொடருங்கள், அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. தொடக்க நூலில் தந்தை கொடுத்த அங்கியை ஆட்டின் இரத்தத்தில் தோய்க்கிறார்கள். பிறகு எகிப்தில் யோசேப்பின் மேலாடை எசமானின் மனைவி கையில் மாட்டிக்கொள்கிறது, அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. குர்ஆனில் சட்டை மூன்று முறை வருகிறது. பொய் இரத்தம் தோய்ந்து ஒருமுறை (வசனம் 18). இரண்டாவது முறை அது பின்புறம் கிழிந்திருக்கிறது. முன்னால் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்னால் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை என்று அவள் குடும்பத்தாரில் ஒருவரே வழி சொல்கிறார் (26–27). மூன்றாவது முறை, அழுது அழுது பார்வை போன தந்தையின் முகத்தில் அதைப் போட, பார்வை திரும்புகிறது (93–96). ஒரு நூலில் குற்றவாளியாக்கிய துணி மற்றொன்றில் நிரபராதியாக்குகிறது. குற்றமற்றவர் என்று தெரிந்தபிறகும் சிறையில் தள்ளுகிறார்கள் என்பது குர்ஆன் காட்டும் அநீதி (35). தன் பக்கம் எந்த ஆதாரமும் இல்லாமல் உள்ளே போனவரோடு ஆண்டவர் இருந்தார் என்பது தொடக்க நூல் காட்டும் அருள் (39:21). இரண்டையும் சமப்படுத்த முயலாதீர்கள். இரண்டும் இருக்கட்டும்.

தந்தையும் அப்படியே. தொடக்க நூலின் யாக்கோபு இரத்தக் கறையைப் பார்த்து, காட்டு விலங்கு தின்றுவிட்டது என்று நம்பிவிடுகிறார். ஆட்டுத்தோலைக் கையில் போர்த்தித் தம் தந்தையை ஏமாற்றியவர், இப்போது ஆட்டின் இரத்தத்தால் ஏமாறுகிறார். விவிலியம் படித்தவருக்கு இது சுருக்கென்று தைக்கும். குர்ஆனின் யஃகூப் நம்புவதில்லை. உங்கள் மனம் உங்களுக்கு ஒரு காரியத்தை அழகாக்கிக் காட்டிவிட்டது என்று மகன்களிடம் சொல்லி, 'அழகிய பொறுமை'யைக் கைக்கொள்கிறார் (18). இன்னொரு மகனையும் இழந்தபோது அதே சொல்லை மறுபடி சொல்கிறார் (83). முஸ்லிம் வீடுகளில் துக்கத்தின்போது நினைவுகூரும் சொல் அது. உங்கள் வட்டத்தில் இருக்கும் முஸ்லிமிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

பெயர்களில் ஒரு சின்னக் குறிப்பு. அந்த எசமானுக்குப் போத்திபார் என்ற பெயர் விவிலியத்தில் உண்டு, குர்ஆனில் அவருக்கு 'அஜீஸ்' என்ற பட்டம் மட்டுமே. அவர் மனைவிக்கு வழங்கும் ஸுலைகா என்ற பெயர் இரண்டு நூலிலும் இல்லை, பின்வந்த மரபு தந்தது.

ஐந்து அமர்விலும் இரண்டு வாக்கியங்களை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒன்று, 'இது எங்கள் விவிலியத்திலிருந்து எடுத்தது'. மற்றொன்று, 'உங்கள் வேதம் மாற்றப்பட்டுவிட்டது'. இரண்டும் காலங்காலமாகப் பேசப்படுகிற வாதங்கள், அவற்றைப் பேச வேறு இடங்கள் உண்டு. இங்கே எந்த ஒன்றைச் சொன்னாலும் அடுத்த வசனத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். 'இது தவறு' என்பதற்குப் பதிலாக 'எங்கள் நூலில் இது இப்படி இல்லை, உங்களுக்கு இது எதைச் சொல்கிறது?' என்று கேட்டுப் பழகுங்கள்.

கடினமான வசனங்களை ஒளிக்கச் சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள். சிலுவைச் சாவை மறுக்கும் 4:157, 'மூவர் என்று சொல்லாதீர்கள்' என்னும் 4:171 ஆகியவற்றை முஸ்லிம்கள் நம்புகிறார்கள். அவற்றைத் தொடாமலே நட்பு பாராட்டினால் அந்த நட்பு யாரோ ஒருவர் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பும்வரைதான் நிற்கும். யூசுஃப் முடிந்தபின் 19-ஆம் அத்தியாயமான மர்யமுக்குப் போங்கள். பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிரசவ வேதனைப்படும் மரியாவை அங்கே சந்திப்பீர்கள். 'ஹாரூனின் சகோதரியே' (19:28) என்ற விளியில் கிறிஸ்தவர் நிற்பார், மோசேயின் அண்ணன் ஆரோன் வாழ்ந்த காலம் எங்கே, மரியா எங்கே என்பார். இந்தக் கேள்வி நபிகள் நாயகத்தின் காலத்திலேயே அரேபியாவின் நஜ்ரான் ஊர்க் கிறிஸ்தவர்கள் கேட்டது. மரியாவின் காலத்து மக்கள் நபிமார்களின் பெயர்களைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைப்பார்கள் என்று நபி விடை சொன்னதாக 'ஸஹீஹ் முஸ்லிம்' என்னும் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. மரியாவின் உறவினரான எலிசபெத்து 'ஆரோனின் வழிவந்தவர்' என்று லூக்கா 1:5 சொல்வதையும் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு நான்காம் அத்தியாயத்தைத் திறக்கலாம். அதற்குள் எதிரில் இருப்பவரின் பெயரும் அவர் பிள்ளைகளின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாம் அமர்வுக்கு நேரத்தைச் சேமித்து வையுங்கள். 101-ஆம் வசனத்தில் யூசுஃப் தம் வேண்டுதலில், தாம் 'முஸ்லிமாக' மரிக்க வேண்டும் என்று கேட்கிறார். சில தமிழ் மொழிபெயர்ப்புகள் அந்தச் சொல்லை அப்படியே வைக்கும், சில 'முற்றிலும் கீழ்ப்படிந்தவனாக' என்று பெயர்க்கும். நபிகள் நாயகத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தைய யோசேப்பு எப்படி முஸ்லிமாவார் என்று கிறிஸ்தவர் கேட்பார். எல்லா நபிமார்களின் வழியும் அதுதானே என்று முஸ்லிம் சொல்வார். இருவரும் ஒரே சொல்லை இரண்டு அளவில் பிடித்திருக்கிறார்கள். எந்த மொழிபெயர்ப்பைத் தாளில் அச்சிடுகிறீர்கள் என்பதே இங்கே ஒரு தரப்பை எடுத்துவிடும். ஆகவே இந்த ஒரு வசனத்துக்கு மட்டும் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுங்கள்.

முதல் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வசன எண்களையும் அடைப்புக்குறிகளையும் அவர் ஒருமுறை பார்த்துத் தரட்டும். வலப்பக்கம் இருக்கும் தொடக்க நூலையும் அவரிடமே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இரு மறைகளையும் தமிழில் வாசிக்கும் நண்பர்கள்